சாளைப் பட்டறைக்கு சீலிங் அடிச்சு மூணு வருசம் ஆச்சுங்க

நமக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புங்க. சாளைக்கு, அதான் தோட்டத்து வீட்டுக்குப் பின்னாடி 20க்கு 14 அடியில தகர சீட்டு போட்ட கொட்டாய், அதுலதான் என்ற மரவேலைப் பட்டறை. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆனி ஆடிச் சாரல், மத்த நாள்ல தென்னைக்குப் பாயற தண்ணி, எப்பவும் ஈரந்தான். மார்கழியில காலைல கதவத் தொறந்தா சீட்டு ஸ்க்ரூ முனை ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு தொங்கும், அது கீழ இருக்கற, மரம் இழைக்கற இழைப்புளி மேல விழுந்து விழுந்து அலகெல்லாம் துரு.

ஒழுகுதுன்னு நெனச்சு ரெண்டு வருசம் மேல ஏறி சீலன்ட் அப்பிட்டே இருந்தேன். வெல்டிங் வேலைக்கு வந்த தம்பிதான், மழையே இல்லாத ஒரு காலைல சீட்டத் தடவிப் பாத்துட்டு, "இது ஒழுகுலீங்ண்ணா, வேர்க்குதுங்"ன்னான். அதான் விசயம். உள்ள காத்து 25 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா 21க்குக் கீழ குளுந்த எதுலயும் தண்ணி பூத்துரும், மேகமில்லாத ராத்திரில தகரம் காத்த விடவும் குளுந்துரும்ங்க.

மொதல்ல தெர்மாகோல் வெச்சு அடியில ஜிப்சம் போர்டு அடிச்சேன். தப்பு. இடுக்கு வழியா ஈரக்காத்து மேல ஏறி தகரத்துல பட்டு சொட்டி, போர்டு ஊறி தொப்பையாட்டம் எறங்கிருச்சு, கறுப்பா பூசணம், அணில் வேற தெர்மாகோல நொறுக்கிக் கூடு கட்டிருச்சு. கிரைண்டர் பொறி பறக்கற எடத்துல தெர்மாகோல் வைக்கவே வேண்டாம்ங்க, தீ புடிச்சா அவ்ளோதான்.

எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சுட்டு, ரெண்டு பக்கமும் அலுமினியம் ஃபாயில் ஒட்டுன 10 எம்எம் ஃபோம் சீட்டு, தீ தாங்கற ரகமாக் கேட்டு வாங்கி, இரும்புச் சட்டத்துக்கு அடியில வாஷர் வெச்சு முடுக்குனோம், அதுக்குக் கீழ ஒரு இஞ்சு எடம் விட்டு 6 எம்எம் சிமெண்ட் ஃபைபர் போர்டு. அந்த ஒரு இஞ்ச மிச்சம் புடிக்காதீங்க, ஃபாயில் போர்டோட ஒட்டிக் கெடந்தா அந்தப் பக்கம் வெக்கையத் தடுக்கறது கொறஞ்சுரும்.

ஆனா ஜாயிண்டுதான் உசுரு. ஃபோம் சீட்ட ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு இஞ்சு ஏத்தி ஃபாயில் டேப் ஒட்டுனோம், தூசி மேலயே ஒட்டுனதால சித்திரை வெயிலுக்கு உரிஞ்சு தொங்குச்சு. பல எடத்துல போர்டக் கழட்டி, தின்னர் போட்டுத் தொடச்சு ஒட்டுனதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் அசையல. மண்தரையில இருந்தும் ஈரம் ஏறுதுன்னு பாலிதீன் விரிச்சு காங்கிரீட் போட்டேன், பச்ச மரத்த உள்ள அடுக்கறதயும் விட்டுட்டேன்.

சீலிங்குக்கு மட்டும் கூலியோட 36,000 ஆச்சு. இப்ப இழைப்புளிக்கு எண்ணெய் தடவ மறந்தாலும் துரு ஏறல, மத்தியானம் ரெண்டு மணிக்கும் உள்ள நின்னு வேல செய்ய முடியுது. மழச்சத்தம் கொறஞ்சிருக்கு, முழுசா நிக்கல.

ஒரே ஒரு கொற, டியூப்லைட் ஒயர் எறங்கற ஓட்டைய அடைக்காம விட்டுட்டேன், போன மார்கழில அங்க மட்டும் தட்டத்தளவுக்கு கறை. போன வாரந்தான் சிலிகான் வெச்சு அடைச்சேன், வர்ற மார்கழில தெரிஞ்சுரும்ங்க.