கோபுரமா, கழுகா, காத்தா? மேப் திறக்குற விஷயத்துல என் ஓட்டு

வரலாற்று வீடியோ கேம்னாலே ஒரு கோபுரம் இருக்கும், அதுல தொத்தித் தொத்தி ஏறணும், உச்சில நின்னா கேமரா ஒரு சுத்து சுத்தி வரும், அதுவரைக்கும் மறைஞ்சிருந்த மேப் திறக்கும், அப்புறம் அங்கருந்தே கீழ இருக்குற வைக்கப்போர்ல குதிக்கணும். 2007ல முதல் அசாசின்ஸ் க்ரீட்ல இது பெருசா பேசப்பட்டுச்சு, பத்து வருஷத்துல எல்லாருக்கும் அலுத்தும் போச்சு. நானும் "இந்த டவர் ஏறுற வேலைய ஒழிச்சாதான் உருப்படும்"னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். போன ரெண்டு மாசமா பழசு புதுசு எல்லாத்தையும் மாத்தி மாத்தி ஆடினதுல இப்ப பிளேட்ட திருப்பிப் போட வேண்டியதா இருக்கு.

எனக்கு நானே ஒரு டெஸ்ட் வச்சுக்கிட்டேன். ஒவ்வொரு கேமையும் நல்லா ஆடிட்டு, ஆஃப் பண்ணிட்டு, கையில கெடச்ச மளிகைக்கடை பில்லோட பின்பக்கம் அந்த ஊர வரைஞ்சு பாக்குறது. மேப் திறந்துச்சா இல்லையாங்கறத விட, ஊரு மண்டைக்குள்ள ஏறுச்சாங்கறதுதானே விஷயம்.

முதல்ல பழைய டவர். அசாசின்ஸ் க்ரீட் முதல் பாகம், 1191 சிலுவைப்போர் காலத்து டமாஸ்கஸ், ஏக்கர், ஜெருசலேம் நகரங்கள். எந்த கோபுரத்துல ஏறணும்னு தூரத்துலேயே தெரியும், ஏன்னா அதுக்கு மேல ஒரு கழுகு வட்டம் போட்டுட்டே இருக்கும். ஆனா இந்த முறை நிஜமா கைகொடுத்தது ரெண்டாவது பாகத்துல, 2009ல வந்ததுல. ஃப்ளோரன்ஸ்ல பலாஸ்ஸோ டெல்லா சிக்னோரியா டவர்ல ஏறுற மிஷன் ஞாபகம் இருக்கா, ஹீரோ எட்ஸியோவோட அப்பாவ உச்சில அடைச்சு வச்சிருப்பாங்க, ராத்திரி நேரம், காவலுக்கு ஆளுங்க சுத்திட்டு இருப்பாங்க, இவன் சுவத்தப் புடிச்சு மேல போய் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்குற அப்பாகிட்ட பேசுவான். அந்த ரூம் கேமுக்காக இட்டுக்கட்டுனது இல்லங்க, நிஜ டவர்லயும் அப்படி ஒரு குட்டி சிறை இருக்கு, 1433ல அந்த ஊர் பெரும்புள்ளி காஸிமோ மெடிச்சிய அங்கதான் போட்டு வச்சாங்க, 1498ல சவனரோலாங்கற துறவிய தூக்குல ஏத்துறதுக்கு முன்னாடி அடைச்சதும் அங்கதான். அந்த உசரத்துல நின்னு திரும்புனா இந்தப் பக்கம் புருனெலெஸ்கி கட்டுன பெரிய சர்ச் டூம், அந்தப் பக்கம் ஆர்னோ ஆறு, பாலம். என் பில்லு பேப்பர்ல ஃப்ளோரன்ஸ் கிட்டத்தட்ட சரியா வந்துச்சு, நானே எதிர்பாக்கல.

அப்ப டவர் ஏன் அலுத்துச்சு? அதே சீரிஸ்ல 2014ல வந்த யூனிட்டிய எடுங்க. பாரிஸ் நோத்ர் டாம் சர்ச் மேல ஏறி நின்னா கண்ணு கூசுற அளவுக்கு அழகு (பிரெஞ்சுப் புரட்சி நேரத்துல பழைய கூம்ப இறக்கிட்டு இருந்தாங்க, கேம்ல நிக்கிறது 19ஆம் நூற்றாண்டு டிசைன், 2019 ஏப்ரல் தீயில போனது அதுதான், ஆனா பாக்க நல்லா இருக்கு, விட்டுடலாம்). ஆனா உச்சில நின்னு சிங்க் பண்ண உடனே, அதாவது மேப்ப திறந்த உடனே, மேப்ல ஐகான் ஐகானா கொட்டும், புதையல் பெட்டி, பெட்டி, இன்னும் பெட்டி. அதுக்கப்புறம் பாரிஸ யாரு பாக்குறா, அடுத்த ஐகானத்தான் பாக்குறோம். குத்தம் கோபுரத்து மேல இல்ல, அது குடுக்குற கூலி மேல.

இத சரி பண்ணத்தான் 2017ல அதே சீரிஸோட எகிப்து கேம் ஆரிஜின்ஸ்ல கழுகு. ஹீரோ பேயெக்கோட கழுகு பேரு சேனு. இங்க உச்சில ஏறினா மேப் மொத்தமா திறக்காது, ஃபாஸ்ட் டிராவல் (அந்த இடத்துக்கு அப்புறம் ஒரே க்ளிக்ல போறது) கெடைக்கும், சேனுவோட பார்வை கொஞ்சம் கூர்மையாகும், அவ்வளவுதான். கிஸா பெரிய பிரமிட் மேல போய் நின்னுட்டு அந்தச் சரிவுலயே சறுக்கிக்கிட்டு இறங்குனது இருக்கே, எந்தப் பலனும் இல்லாம நாலு தடவ பண்ணிருக்கேன். கழுகு மட்டும் எனக்கு செட் ஆகல. ட்ரோன் மாதிரி மேல பறந்து எதிரி முகாம மார்க் பண்றோம், எங்க யாரு நிக்கிறான்னு தெரியுது, எந்த ரோடு எங்க போகுதுன்னு தெரியல. பேப்பர்ல நைல் நதி, அலெக்ஸாண்ட்ரியா லைட்ஹவுஸ், பிரமிட், மிச்சமெல்லாம் வெறும் மணல்.

கோஸ்ட் ஆஃப் சுஷிமாவ பத்தி எழுதுனா அடி விழும்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். ஜப்பான் தீவுல 1274 மங்கோலியப் படையெடுப்பு, கன்ட்ரோலர் டச்பேட மேல தள்ளுனா போக வேண்டிய பக்கம் காத்து வீசும், நாணல் சாயுற பக்கம் குதிரைய விட்டா போதும், ஸ்கிரீன்ல ஒரு அம்புக்குறி கெடையாது. இவ்ளோ அழகா வழி சொன்ன கேம் வேற இல்ல. ஆனா டெஸ்ட்ல ஃபெயில். தீவ வரையச் சொன்னா ஒரு நீளமான உருளைக்கிழங்கு வரைஞ்சு நடுவுல கனேடா கோட்டைன்னு எழுதி வச்சேன். காத்து நம்மள கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகுது, கூட்டிட்டுப் போறவன் பின்னாடி போனா வழி எப்படி மனசுல நிக்கும், மாமா பைக்ல பின்னாடி உக்காந்து போன ரூட் மாதிரிதான்.

மொத்தத்துல ஃபர்ஸ்ட் மார்க் வாங்குனது டவரும் இல்லாத கழுகும் இல்லாத கிங்டம் கம் டெலிவரன்ஸ். 1403 பொஹீமியா (இப்ப செக் நாடு), மேப் பழைய சுவடி ஓவியம் மாதிரி, ஹார்ட்கோர்னு ரொம்பக் கஷ்டமான மோட் போட்டா அதுல நீ எங்க நிக்கிறன்னு காட்டவே காட்டாது, காம்பஸ்ல திசையும் காட்டாது. சூரியன் எந்தப் பக்கம், ஓடை எந்தப் பக்கம்னு பாத்துப் பாத்து ரட்டாய் ஊருக்குப் போய்ச் சேந்தேன். முக்கா மணி நேரம் காட்டுக்குள்ள சுத்துனேன், ரெண்டு தடவ செத்தேன். இப்பவும் கண்ண மூடுனா அந்த ரோடு தெரியும். ஆனா ஆபீஸ் முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் ஆடுறவனுக்கு இது ஆவாது, உண்மையச் சொல்லணும்ல.

2025ல வந்த அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ் நடுவுல நிக்குது. மேல ஏறினா எல்லாத்தையும் அதுவா போட்டுக் குடுக்காது, நாமளே சுத்திப் பாத்து கண்ணுல பட்டத குறி வைக்கணும், அங்க என்ன இருக்குன்னு நேர்ல போனாத்தான் தெரியும். ரெண்டு ஹீரோல சாமுராய் யாசுகேவால சில இடத்துல ஏறவே முடியாது, அதுவும் நல்லா இருக்கு, நிஞ்ஜா பொண்ணு நாவோயே வச்சு ஏறுறப்ப ஒரு கெத்து வருது. டைம் கம்மியா இருக்கவங்களுக்கு இத எடுக்கச் சொல்லுவேன். இன்னும் அதோட மேப்ப வரைஞ்சு பாக்கல, பாதிதான் முடிச்சிருக்கேன், பில்லு பேப்பர் மட்டும் டிவி பக்கத்துல ரெடியா கெடக்கு.