பக்னரிடம் போன பந்து: ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்குடன் பதினோரு வருடங்கள்

பதினோராவது வருடத்தில்தான் அந்தப் பந்து பில் பக்னரிடம் போயிற்று. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பகடை-அட்டை பேஸ்பால் விளையாட்டில், அதற்குமுன் ஏறக்குறைய நூறு முறை அதே இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறேன். 1986 உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் பட்டத்துக்கான இறுதித் தொடர்), ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸின் பின்பாதி, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 5, நியூயார்க் மெட்ஸ் 3. இரண்டு பேர் அவுட், தளங்களில் யாரும் இல்லை. இன்னும் ஒரே ஓர் அவுட் கிடைத்தால் 1918-க்குப் பிறகு பாஸ்டனுக்கு முதல் பட்டம்.

அன்று உண்மையில் நடந்ததை பேஸ்பால் பார்ப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கேரி கார்ட்டர், கெவின் மிட்செல், ரே நைட் என்று வரிசையாக மூன்று ஒற்றையடிகள் (முதல் தளம்வரை கொண்டுசேர்க்கும் அடிகள்). நைட்டின் அடியில் கார்ட்டர் ஓடிவந்து சேர்ந்தார், 5-4. பந்தெறிபவர் கால்வின் ஷிரால்டியை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள். ஸ்டான்லி எறிந்த ஒரு பந்து தறிகெட்டு ஓடியதில் மிட்செல் ஓடிவந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பிறகு மூக்கி வில்சன் தட்டிய தரைப்பந்து, முதல் தளத்தில் நின்ற பக்னரின் கால்களுக்கிடையே உருண்டு போனது. நைட் ஓடி வந்து சேர, மெட்ஸ் 6, பாஸ்டன் 5.

இந்த ஒரு கட்டத்துக்காகத்தான் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கின் 1986 சீசன் அட்டைகளை வாங்கினேன். ஹால் ரிச்மன் என்பவர் சிறுவனாக இருந்தபோதே யோசிக்கத் தொடங்கி, 1961-ல் ஒரு நிறுவனமாக்கிய விளையாட்டு இது. ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. அந்த வருடம் அவர் எப்படி ஆடினாரோ, அது எண்களாக அதில் அச்சாகியிருக்கும். மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். வெள்ளைப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்தெறிபவரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரியைப் படிப்பது என்று சொல்லும். சில வரிகளுக்கு இருபது பக்கப் பகடை ஒன்றையும் உருட்ட வேண்டும். அடிப்படை இவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

தாயம் ஆடி வளர்ந்த எனக்குப் பகடையின் பதற்றம் புதிதல்ல. ஆனால் தாயத்தில் விழும் எண் யாருடையதும் அல்ல. இங்கே ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதரின் ஒரு வருட உழைப்பு இருக்கிறது. கார்ட்டரின் அட்டையில் ஹோம் ரன் (பந்து எல்லைச் சுவரைத் தாண்டிப் பறக்கும் அடி) என்று அச்சாகியிருக்கும் வரி, அந்த வருடம் அவர் உண்மையிலேயே அடித்த ஹோம் ரன்களின் நிழல். அதைப் புரிந்துகொண்ட பிறகு பகடையை அலட்சியமாக உருட்ட முடிவதில்லை.

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 25 அன்று இரவு, அதாவது அந்த ஆட்டம் நடந்த தேதியில், இந்தக் கட்டத்தைப் பத்து முறை ஆடுவேன். பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கார்ட்டர் ஒரு பந்தை உயரே தூக்கி அடிப்பார், யாராவது பிடிப்பார்கள், பாஸ்டன் வென்றுவிடும். முதல் வருடம் பத்து முறையும் இப்படித்தான் ஆயிற்று. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அட்டைகளில் ஏதோ குறை என்றுகூட நினைத்தேன். மூன்றாவது, நான்காவது வருடங்களில்தான் விஷயம் உறைத்தது. அந்த இரவு மெட்ஸ் ரசிகர்கள் எந்த விளிம்பில் நின்றார்கள் என்பதைப் பகடை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. முடிவு தெரிந்தபின் பார்க்கும் காணொளியில் அந்த விளிம்பு தெரியாது. கார்ட்டர் மட்டையைப் பிடித்து நிற்கும்போதே வில்சனின் தரைப்பந்து நம் கண்ணில் உருளத் தொடங்கிவிடுகிறது. மேசையில் அப்படி இல்லை. கார்ட்டர் அவுட்டானால் எல்லாம் முடிந்தது. மிட்செலும் நைட்டும் வில்சனும் மட்டையைத் தொடவே மாட்டார்கள். எத்தனையோ அக்டோபர்களில் பக்னரின் பெயரை நான் உச்சரிக்கவே நேரவில்லை. என் நோட்டுப் புத்தகக் கணக்கில் மெட்ஸ் இதுவரை ஒரே ஒரு முறை வென்றிருக்கிறது, அதுவும் பக்னரிடம் பந்து போகாமலே.

பந்து அவரிடம் போவது எவ்வளவு அரிது என்பதையும் சொல்ல வேண்டும். களத்தடுப்பாளரின் திறமையைச் சோதிக்கும் வரிகள் பந்தெறிபவரின் அட்டையில்தான் இருக்கின்றன. பக்கத்தில் எக்ஸ் குறி போட்டிருக்கும். ஒரு அட்டையின் 108 வாய்ப்புகளில் 30 இப்படிப்பட்டவை. அவற்றில் ஏழு ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவர்) போகும், ஆறு இரண்டாம் தளத்துக்குப் போகும், முதல் தளத்துக்கு வருவது இரண்டே இரண்டு. மட்டையாளரின் அட்டைக்குப் பாதி வாய்ப்பு போய்விடுவதால், பக்னரின் கை சோதிக்கப்படுவது 108 உருட்டலில் ஒரு முறை. ஒரு மனிதரின் பெயரை முப்பது வருடங்கள் துரத்திய கணத்துக்கு இவ்வளவுதான் இடம்.

பதினோராவது வருடம் கார்ட்டர் ஒற்றையடி அடித்தார். மிட்செல் நான்கு பால்களில் (அடிக்கும் எல்லைக்கு வெளியே போகும் பந்துகள்) அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்தார். நைட் வந்தார். வெள்ளைப் பகடை 5. வரியைப் பார்த்தேன்: முதல் தளத்தை நோக்கித் தரைப்பந்து, பக்கத்தில் எக்ஸ். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இருபது பக்கப் பகடையைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி கீழே வைத்தேன். கணுக்கால்கள் தேய்ந்துபோய், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு நின்றவர் அவர். மேலாளர் ஜான் மெக்நமாரா கடைசி இன்னிங்ஸ்களில் அவரை எடுத்துவிட்டு டேவ் ஸ்டேபிள்டனை நிறுத்துவதுதான் அந்தத் தொடரில் வழக்கம். அன்று நிறுத்தவில்லை. மேசையில் அந்த முடிவு என்னுடையது. நானும் ஒவ்வொரு முறையும் பக்னரையே நிறுத்தி வந்திருக்கிறேன்.

உருட்டினேன். முதலில் அவர் எட்டுவாரா என்று பார்க்க ஓர் உருட்டல், பிறகு தவறு செய்வாரா என்று பார்க்க மூன்று பகடைகள். சுத்தமான தரைப்பந்து. எடுத்தார், தளத்தை மிதித்தார், ஆட்டம் முடிந்தது. பாஸ்டன் வென்றது. அந்த ஒரு முறை தவிர, மற்ற எல்லா முறையும் கிடைத்த அதே முடிவுதான். இந்த முறை மட்டும் கண் கலங்கியது.

22 சீசன் ஆடி 2,715 ஹிட் எடுத்தவர் பக்னர். 1980-ல் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச் சிறந்த பேட்டிங் சராசரி அவருடையது. 1986-ல் மட்டும் 102 ஓட்டங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். அது இல்லாமல் பாஸ்டன் அந்தத் தொடருக்கே வந்திருக்குமா என்பது சந்தேகம். வில்சனின் பந்தை அவர் பிடித்திருந்தாலும் ஆட்டம் சமனில்தான் நின்றிருக்கும், ஏனென்றால் ஸ்டான்லியின் பந்து ஏற்கெனவே தறிகெட்டு ஓடியிருந்தது. ஏழாவது ஆட்டமும் பாக்கி இருந்தது, அதையும் பாஸ்டன் தோற்றது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த தகவல்கள். ஆனால் அந்த இன்னிங்ஸை என் கையால் நூறு முறை நடத்திய பிறகுதான், பழியை ஒரே மனிதர்மேல் சுமத்தியது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது எனக்குள் இறங்கியது.

இனி குறைகள். மிகப் பெரிய குறை, ஒவ்வொரு பந்தும் இங்கே தனியாக எறியப்படுவதில்லை என்பது. ஒரு மட்டையாளரின் முழுப் போராட்டமும் ஒரே உருட்டலில் முடிந்துவிடும். 1988 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், முதல் தளத்தில் மைக் டேவிஸ், டாட்ஜர்ஸ் ஓர் ஓட்டம் பின்தங்கியிருக்கிறது. இரண்டு கால்களிலும் காயத்தோடு கிர்க் கிப்சன் நொண்டிக்கொண்டு வருகிறார். எதிரே அந்த வருடம் கடைசியில் பந்தெறிய வந்து 45 வெற்றிகளைக் காப்பாற்றிய டென்னிஸ் எக்கர்ஸ்லி. கிப்சன் பந்துகளை வெளியே தட்டித்தட்டித் தாக்குப்பிடித்தார், டேவிஸ் பந்து அடிபடுமுன்பே ஓடி இரண்டாம் தளத்தைத் திருடினார், மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக் என்ற, இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட் என்ற நிலைக்கு வந்து, பிறகு ஹோம் ரன். நாடகம் முழுவதும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. பகடைக்கு அது தெரியாது. போதாததற்கு, கிப்சனின் அட்டை அவருடைய ஆரோக்கியமான முழு சீசனைச் சொல்கிறது, அந்த இரவின் கால்களை அல்ல. அவர் ஓடக் கூடாது என்று நான் சொந்தமாக ஒரு விதி போட்டுக்கொள்கிறேன். போதவில்லை.

தனியாக ஆடும்போது இரண்டு அணிக்கும் மேலாளர் நீங்களே என்பதும் ஒரு சங்கடம். மனம் ஒரு பக்கம் சாயும். மேம்பட்ட விதிகளின் அட்டவணைகளும் முதல் சில மாதங்கள் தலைசுற்ற வைக்கும். கணினி வடிவத்தில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் விசையைத் தட்டியதும் முடிவு வந்துவிடுகிறது. பகடை மேசையில் உருளும் அந்த ஒன்றரை நொடி அங்கே கிடையாது.

இருந்தாலும் 1951-ல் நேஷனல் லீக் பட்டத்தை முடிவுசெய்த ஆட்டத்தைக் கணினியில்தான் ஆடுகிறேன். போலோ கிரவுண்ட்ஸ், ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 4, ஜயன்ட்ஸ் 2. இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஆட்கள், ஓர் அவுட். களைத்துப்போன டான் நியூகம்பை எடுத்துவிட்டு ரால்ஃப் பிராங்காவைக் கொண்டுவர வேண்டுமா? பாபி தாம்சனை வேண்டுமென்றே நடக்கவிட்டு, அடுத்து நிற்கும் இருபது வயது வில்லி மேஸை எதிர்கொள்ளலாமா? அப்படிச் செய்தால் வெற்றி ஓட்டத்தை நானே தளத்தில் ஏற்றிவைத்ததாகும். இத்தனை முறை ஆடியும் எனக்கு விடை கிடைக்கவில்லை. அன்று டாட்ஜர்ஸ் மேலாளர் சார்லி டிரெசன் பிராங்காவைக் கொண்டுவந்து தாம்சனுக்கு எறியவிட்டார், தாம்சன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். அந்த முடிவை இன்று நான் குறை சொல்வதில்லை.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் தாங்கள் நன்றாக அறிந்த ஒரு சீசனோடு தொடங்க வேண்டும். பெயர்கள் தெரியாவிட்டால் வெறும் எண்கள்தான் மிஞ்சும். தாள்களிலிருந்து அட்டைகளைப் பிரித்தெடுக்கும்போது பொறுமை தேவை. துளையிட்ட ஓரம் எளிதில் கிழியும். பதினோரு வருடத்தில் பக்னரின் அட்டை மூலைகள் மழுங்கிவிட்டன, மற்றபடி அச்சு மங்கவில்லை.

இப்போது மேசையில் இருப்பது 2009-ல் வந்த நீக்ரோ லீக் நட்சத்திரங்களின் தொகுப்பு. பெரிய லீகுகள் ஒதுக்கிய கறுப்பின வீரர்கள் ஆடிய லீகுகள் அவை. ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கியது அதே வருடம் ஏப்ரல் 15. இடையில் மூன்று மாதங்கள்கூட இல்லை. அன்று பெரிய லீக் எனப்பட்டதில் கிப்சன் ஒரு பந்தையும் எதிர்கொண்டதில்லை. நேற்றிரவு அவரை நான்காவதாக மட்டைபிடிக்க அனுப்பினேன். எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் தளத்தில். வெள்ளைப் பகடை 2, அவருடைய அட்டைதான். மற்ற இரண்டும் இன்னும் உருண்டுகொண்டிருந்தன.