செவன் வகைக் காரில் மீட்டர்களை எங்கே வைப்பது: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு தெரிந்தவை

பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் 1957-ல் வெளியிட்ட, கூரையில்லாத சின்ன ஸ்போர்ட்ஸ் காரான செவனின் உரிமை 1973-ல் கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தக் காரின் வடிவத்தை ஒட்டி, சதுரக் குழாய்களை வெல்டு செய்து வீட்டுக் கராஜிலேயே கார் கட்டுகிற வழக்கம் பிரிட்டனில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கார்களுக்கு டேஷ்போர்டு என்பது ஒரு தட்டையான பலகைதான். 9 மி.மீ. பிளைவுட், இல்லையென்றால் 2 மி.மீ. அலுமினியத் தகடு, அதன்மேல் கறுப்பு ரெக்சின். எங்கே வேண்டுமானாலும் ஓட்டை போடலாம் என்பதால் பலரும் பலகையை மேஜையில் கிடத்தி, காம்பஸ் எடுத்து, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற மாதிரி வட்டங்களை வரைந்துவிடுகிறார்கள். காரில் மாட்டி உட்கார்ந்து பார்த்தால் ஸ்பீடோமீட்டரில் 40 மைலிலிருந்து 80 மைல் வரை ஸ்டீயரிங் வளையத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சாலையில் தேவைப்படும் எண்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

இந்தக் கார்களில் ஸ்டீயரிங் சிறியது, பெரும்பாலும் 300 முதல் 330 மி.மீ. விட்டம். சாதாரணக் காரில் வளையத்துக்கு உள்ளே கிடைக்கும் திறப்பு இதில் கிடைக்காது. இருக்கையும் தரையோடு தரையாக இருப்பதால், வளையத்தின் மேல்பகுதி சரியாகப் பெரிய மீட்டர்களின் குறுக்கே வந்து விழும். ஆகவே இடத்தை முடிவு செய்ய வேண்டியது கண்ணிலிருந்துதான்.

அதற்கு நிழல் முறையைவிட நல்ல வழி இல்லை. இருக்கை, ஸ்டீயரிங், அதைத் தண்டோடு இணைக்கும் பாஸ் எல்லாம் இறுதியாக வரப்போகிற நிலையிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஓட்டுபவர் ஷூ போட்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். டிராக்கில் ஓட்டுவதென்றால் ஹெல்மெட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். பெல்ட் இல்லாமல் அளந்தால் உடம்பு முன்னால் சாயும், அந்த அளவு பயன்படாது. இன்னொருவர் கண் மட்டத்தை ரோல் பாரிலிருந்தும் (தலைக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புக் குழாய் வளைவு) டேஷ் பலகையிலிருந்தும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுபவர் இறங்கியதும், அதே புள்ளியில் ஒற்றை எல்இடி உள்ள சின்ன டார்ச்சை ஒரு குச்சியில் கட்டி நிறுத்துங்கள். டேஷ் இருக்கும் இடத்தில் வெள்ளை அட்டை. கராஜ் விளக்கை அணைத்தால் ஸ்டீயரிங்கின் வளையமும் ஸ்போக்கும் அட்டையில் கூர்மையான நிழலாக விழும். அதைப் பென்சிலால் வரையுங்கள். இப்போது டார்ச்சை 6.5 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தி, அதாவது அடுத்த கண்ணின் இடத்துக்குக் கொண்டுபோய், மறுபடி வேறு நிறத்தில் வரையுங்கள். இரண்டு நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம்தான் இரு கண்ணுக்கும் தெரியாத இடம். வளையத்தின் செங்குத்தான பக்கங்களில் இது மெல்லிய கீற்றாகச் சுருங்கிவிடும். மேல்பகுதி படுத்த மாதிரி இருப்பதால் அங்கே இரண்டு நிழலும் அப்படியே ஒன்றாகும். அந்த மேல் பட்டையில் எந்த எண்ணும் வரக்கூடாது. 80 மி.மீ., 52 மி.மீ. அட்டை வட்டங்களை வெட்டி, மீதி இடத்தில் நகர்த்திப் பார்த்தால் அரை மணி நேரத்தில் அமைப்பு பிடிபட்டுவிடும்.

எதை முன்னால் வைப்பது? இரண்டு 80 மி.மீ., நான்கு 52 மி.மீ. என்ற வழக்கமான செட்டில், என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரும் ஸ்பீடோவும் வளையத்தின் திறப்புக்குள் வர வேண்டும். இரண்டும் வராவிட்டால் ஆர்பிஎம்முக்கு விட்டுக்கொடுத்து, ஸ்பீடோவை வளையத்துக்கு இடப்புறம் வெளியே, காரின் நடுப்பக்கமாக வையுங்கள். கியர் மாற்றும் நேரத்தை என்ஜின் சத்தமும், கியர் மாற்றச் சொல்லி எரியும் ஷிப்ட் லைட்டும் சொல்லிவிடும் என்று சிலர் இதை மாற்றி வைப்பார்கள். அன்றாடம் ஊருக்குள் ஓட்டும் காருக்கு அதுவும் சரிதான். அடுத்து ஆயில் பிரஷர், பிறகு தண்ணீர் டெம்பரேச்சர். என்ஜினைச் சில வினாடிகளில் கொல்லக்கூடியது ஆயில் பிரஷர் விழுவது. அந்த மீட்டரைப் பயணி பக்கம் தள்ளியிருக்கும் காரைப் பார்த்தால் மனது பதறுகிறது. பெட்ரோல் மீட்டரும் வோல்ட் மீட்டரும் அங்கே போகலாம். அவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

சின்ன மீட்டர்களைச் சுழற்றி மாட்டும் பழைய ரேஸ் பழக்கம் சாலைக் காருக்கும் அருமையாகப் பொருந்துகிறது. என்ஜின் சூடேறி சீரான வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு முள்ளும் எங்கே நிற்கிறதோ, அந்த இடம் 12 மணி திசைக்கு வரும்படி மீட்டரை ஓட்டைக்குள் திருப்பி, பின் கிளாம்பை இறுக்க வேண்டும். எழுத்துகள் சாய்ந்து நிற்கும், முதல் வாரம் கண்ணுக்கு உறுத்தும். பிறகு எண்ணைப் படிக்கவே தேவையில்லை. எல்லா முள்ளும் நிமிர்ந்து நின்றால் சரி, ஒன்று சாய்ந்தால் கண் தானாக அங்கே போகும். காரை ஓட்டிப் பார்த்து முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகே கிளாம்பை இறுதியாக முறுக்குங்கள்.

வெயில் மீட்டர் கண்ணாடியில் அடிப்பதுதான் கூரையில்லாத காரின் பெரிய தொல்லை. பார்வை மீட்டரை நோக்கி ஏறத்தாழ 20 டிகிரி கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகை செங்குத்தாக இருந்தால் மீட்டர் கண்ணாடியில் ஓட்டுபவரின் மடி பிரதிபலிக்கும். மேல் விளிம்பை 10 டிகிரி காரின் முன்பக்கமாகச் சாய்த்தால் நெஞ்சு. 20 டிகிரி என்றால் அவர் முகமே. 30 டிகிரிக்குப் போனால் தலைக்கு மேலே இருக்கும் வானம் அப்படியே கண்ணாடியில் இறங்கிவிடும், முள் மறைந்துபோகும். பலகை 10 டிகிரி சாய்ந்திருப்பது நல்ல நடுநிலை: பார்வை ஓரளவு நேராக விழும், பிரதிபலிப்பும் இருட்டான சட்டையில் நின்றுவிடும். வெள்ளைச் சட்டை போட்டு ஓட்டினால் இது எவ்வளவு உண்மை என்று உடனே தெரியும். மீட்டரைச் சுற்றிப் பளபளக்கும் குரோம் வளையமும் மெருகேற்றிய அலுமினியப் பலகையும் புகைப்படத்தில் அழகு. மாலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது கண்ணில் ஊசியாகக் குத்தும். மீட்டருக்குக் கறுப்பு மேட் வளையம், கறுப்பு முகத்தில் வெள்ளை எழுத்து, இதைத்தான் பரிந்துரைப்போம். டிஜிட்டல் டேஷ் வாங்குவதாக இருந்தால் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெயிலில் பாருங்கள். சில திரைகள் அந்தக் கண்ணாடி வழியே முழுக்கக் கறுத்துவிடும்.

ஓட்டை போடும்போது பெட்டியில் எழுதிய அளவை நம்பாமல், மீட்டரின் உடம்பைக் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். வட்ட ஓட்டை வெட்டும் ஹோல் சாவை முதலில் ஒரு துண்டுப் பலகையில் சோதியுங்கள். ரெக்சினை உள்ளே மடித்து ஒட்டுவதென்றால் அதன் தடிமனுக்காக ஓட்டை ஒரு மி.மீ. பெரிதாக வேண்டும். ஒரு மீட்டர் வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 10 மி.மீ.யாவது விட்டால்தான் பின்னால் கிளாம்புகள் ஒன்றோடொன்று இடிக்காது. ஆழத்தையும் பாருங்கள்: பின்னால் வைப்பர் மோட்டாரும் ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் பிராக்கெட்டும் இருக்கின்றன. பிரிட்டனில் இப்படித் தனியாகக் கட்டிய கார்களுக்கான ஐவிஏ அனுமதிச் சோதனையில், காருக்குள் இருப்பவர்கள் தொடக்கூடிய விளிம்புகளுக்கு 2.5 மி.மீ. ஆரமுள்ள வளைவு கேட்பார்கள். ஸ்டீயரிங்குக்கு நேர் பின்னால் உள்ள பகுதிக்கு விலக்கு உண்டு, அதனால் நீட்டிக்கொண்டிருக்கும் டாகிள் சுவிட்சுகளை அந்த இடத்துக்குள் கொண்டுவருவது புத்திசாலித்தனம். ஸ்பீடோ உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. டயர் அளவு மாறினால் மறுபடி சரிபார்த்தாக வேண்டும்.

நாள்பட்ட ஓட்டத்தில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் வயரிங். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறினால், இன்டிகேட்டரோடு சேர்ந்து பெட்ரோல் முள் ஆடினால், தண்ணீரையும் டேங்கையும் சந்தேகிக்காதீர்கள், எர்த்தைப் பாருங்கள். எல்லா மீட்டருக்கும் தனி எர்த் வயர் இழுத்து, ஒரே போல்ட்டில், பெயின்ட் சுரண்டிய இரும்பில் முடிக்க வேண்டும். சென்சார் மரையில் டெஃப்லான் டேப் தடிமனாகச் சுற்றினால் அதன் எர்த்தே அறுந்துபோகலாம். ஆயில் பிரஷர் சென்சாரை நேரே என்ஜின் பிளாக்கில் மாட்டினால், கனமான அதன் தலை அதிர்வில் ஆடி ஆடி, பித்தளைக் கழுத்து விரிசல் விடும். பைக் என்ஜின் கார்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சின்ன பின்னல் ஹோஸ் வழியாகச் சென்சாரைச் சேஸியில் மாட்டி, அதற்குத் தனி எர்த் கொடுங்கள்.

சென்சாரும் மீட்டரும் ஒரே வகையாக இருப்பதும் முக்கியம். விடிஓ நிறுவன வகைப் பெட்ரோல் மிதவை, அதாவது டேங்கின் மட்டத்தை அளக்கும் சென்சார், காலியில் 10 ஓம், நிறைவில் 180 ஓம். பழைய ஸ்மித்ஸ் நிறுவன வகை இதற்குத் தலைகீழ், காலியில்தான் அதிக ஓம். மாற்றிப் போட்டால் டேங்க் காலியாகும்போது முள் நிறைவை நோக்கிப் போகும். விடிஓ வகையில் வயர் அறுந்தாலும் முள் நிறைவிலேயே நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை விளக்குகளை எல்இடிக்கு மாற்றும்போது சார்ஜிங் விளக்கை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அந்த 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் மின்னோட்டம்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்இடி போட்டால் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தும்வரை சார்ஜ் ஏறாது. 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எல்இடிக்கு இணையாக இணைத்தால் சரியாகும். இரவில் நீல ஹைபீம் எல்இடி கண்ணைக் கூசவைக்கும், பகலில் பச்சை இன்டிகேட்டர் எல்இடி தெரியவே தெரியாது. ஒவ்வொன்றையும் 15 மி.மீ. குழாய்க்குள் உள்வாங்கி வைத்தால் இரண்டு குறையும் பெருமளவு தீரும்.

பலகையை நிரந்தரமாக ஒட்டாமல், எம்5 ரிவ்நட்டில் (தகட்டு ஓட்டையில் பதிக்கும் மரையில்) ஸ்குரூ போட்டு மாட்டுங்கள். வயர் கொத்தை 250 மி.மீ. தளர்வாக விட்டு, பல வயர்கள் சேரும் இரண்டு மல்டிபிளக்கில் முடித்தால், மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்த மீட்டரைக் காயவைக்கவோ ஒரு பல்பை மாற்றவோ, காலடிக் குழிக்குள் தலைகீழாகப் படுக்க வேண்டியதில்லை. ஆறு ஸ்குரூ, இரண்டு பிளக், பலகை மடியில்.