நீட்சியால் வந்த தொல்லையும் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறியதும்

சென்ற தீபாவளிக்கு முன்பு, சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் உள்ள எங்கள் வீட்டு மடிக்கணினியில், கடைகளின் தள்ளுபடிக் கூப்பன்களைத் தேடித் தருவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு நீட்சியை, அதாவது உலாவியில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரலை, அம்மா நிறுவியிருந்தார். அடுத்த வாரமே தேடுபொறி தானாக மாறியது. வங்கியின் பெயரைத் தட்டினால் விளம்பரப் பக்கங்கள் முந்திக்கொண்டு வந்தன. கணினியை உடனே புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு ஓயாமல் எழுந்தது. நல்ல வேளையாக, அம்மா அதை அழுத்தவில்லை. நான் உலாவியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவினேன். கணக்கில் உள்நுழைந்த சில நிமிடங்களில் அதே நீட்சி திரும்பி வந்தது. கணக்குடன் ஒத்திசைந்த நீட்சிகள் புதிய நிறுவலுக்கும் இறங்கிவிடும் என்பது அன்றுதான் புரிந்தது.

உலாவியை மாற்றினால் கணினி தூய்மையாகிவிடாது. ஆகவே முதலில் விண்டோஸின் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருளைக் கொண்டு, விண்டோஸ் தொடங்கும் முன்பே சோதிக்கும் ஆஃப்லைன் ஸ்கேன் செய்தேன். அம்மாவின் மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை என் கைப்பேசியிலிருந்து மாற்றினேன். அதன் பிறகே மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை நிறுவினேன். இப்போது ஆறு மாதங்களாக அதையே பயன்படுத்துகிறோம்.

நிறுவும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பழைய உலாவியிலிருந்து புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் கொண்டுவரும் வசதியில், 2023 அக்டோபரில் வெளியான 119ஆம் பதிப்பு முதல், சில நீட்சிகளும் சேர்ந்துகொண்டன. பழைய நீட்சிக்கு ஃபயர்ஃபாக்ஸ் வடிவம் இருந்தால் அதை நிறுவித் தரும் அந்த ஏற்பாடு பிறருக்கு உதவியாக இருக்கலாம். நீட்சியால் அடிபட்டு மாறுகிறவர்களோ நீட்சிகளுக்கான தேர்வுக்குறியை எடுத்துவிட வேண்டும். நான் புத்தகக்குறிகளை மட்டுமே கொண்டுவந்தேன்.

மாறியதற்கு முக்கியக் காரணம் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி. போலி எச்சரிக்கைகளும் போலிப் பதிவிறக்கப் பொத்தான்களும் பெரும்பாலும் விளம்பரங்களின் வழியாகவே வருவதால், விளம்பரத் தடுப்பானைப் பாதுகாப்புக் கருவியாகவே நான் கருதுகிறேன். வேறு சில உலாவிகள் நீட்சி விதிகளை மாற்றியதால் இதன் முழு வடிவம் அவற்றில் இயங்குவதில்லை, ஃபயர்ஃபாக்ஸில் இயங்குகிறது. மொசில்லாவே பாதுகாப்பைச் சோதித்துப் பரிந்துரைக்கும் நீட்சிகளுக்குத் தனி முத்திரையும் உண்டு. அந்த முத்திரை இல்லாத எதையும் நிறுவ வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஏனெனில், எல்லா இணையத்தளங்களின் தரவையும் அணுக அனுமதி பெற்ற ஒரு நீட்சி, வங்கிப் பக்கத்தில் நாம் தட்டுவதையும் படிக்க முடியும்.

தளங்கள் நம் உலாவியில் இடும் குக்கீ என்ற சிறு கோப்புகளால் நம்மைப் பின்தொடராமல் தடுக்க, ஃபயர்ஃபாக்ஸில் 2022 முதல் இயல்பாகவே இயங்கும் பாதுகாப்பு தனியுரிமைக்கு நல்லதுதான், ஆனால் தீங்குநிரலைத் தடுப்பது அதன் வேலையன்று. ஆபத்தான தளங்களை எச்சரிக்கும் வசதி கூகலின் பட்டியலையே நம்பியிருப்பதால், அந்த வகையில் ஃபயர்ஃபாக்ஸ் பிற உலாவிகளை விஞ்சிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

என் பெரிய குறை கடவுச்சொற்களைப் பற்றியது. சேமித்தவற்றையெல்லாம் பூட்டிவைக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை நாமே அமைக்காவிட்டால், கணினிக்குள் நுழைந்துவிட்ட தீங்குநிரல் சேமித்த கடவுச்சொற்களை எளிதில் அள்ளிச் செல்லலாம். இவ்வளவு முக்கியமான பூட்டை நிறுவும்போதே கேட்டு அமைத்திருக்க வேண்டும். அமைப்புகளுக்குள் தேடிப்போய் இயக்கும்படி விட்டிருக்கிறார்கள். மறைகுறியாக்கப்பட்ட இணைப்பை மட்டும் அனுமதிக்கும் முறையையும் அப்படித்தான் தேடி இயக்கினேன்.

தமிழ் இடைமுகம் இருப்பது அம்மாவுக்குப் பெரிய உதவி, இடையிடையே ஆங்கிலம் எட்டிப் பார்த்தாலும். சென்ற வாரம் ஒரு பக்கத்தில் பரிசு அறிவிப்பு எழுந்தபோது, அவர் அதைத் தொடாமல் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்டுவிட்டு, அந்தத் தாவலை மூடினார். அவருடைய உலாவியில் இன்று ஒரேயொரு நீட்சிதான் இருக்கிறது.