உருப்பெருக்கி, நீர், எக்ஸ்-கதிர், உரைகல்: மண்ணில் கிடைத்த பழைய மோதிரத்தை முதலில் யாரிடம் காட்டுவது?

மெட்டல் டிடெக்டர் ஒலித்த இடத்தில் ஒரு மோதிரம் வெளிப்பட்டால் இரண்டு கேள்விகள் சேர்ந்தே எழுகின்றன: இது என்ன உலோகம், இது எந்தக் காலத்தது? கொழும்பில் பெரும்பாலோர் இரண்டுக்கும் விடை தேடி நேரே நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்குப் போகிறார்கள். அங்குள்ள பொற்கொல்லர்களின் தொழிலறிவில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் உறுதியாக விடை சொல்லக்கூடியது முதற் கேள்விக்கு மட்டுமே. அந்த விடைக்கும் மோதிரத்தின் மேனியில் ஓர் உரசலை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் இருக்கும் வழிகளை, மோதிரத்துக்கு எது தீங்கு செய்யாது என்ற வரிசையிலேயே இங்கு ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கையில் இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருட்கள் அரசின் உடைமையாகும். அனுமதிப்பத்திரமின்றி அவற்றைத் தேடி அகழ்வது குற்றமாகும். லண்டனிலுள்ள உறவினர் கருவியைக் கொண்டுவந்து தரும்போது அந்நாட்டு வழக்கங்களும் கூடவே வந்துவிடுகின்றன. இங்கிலாந்தில் காணிக்காரரின் இசைவோடு தேடி, 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டத்துக்கு உட்படும் பொருளாயின் 14 நாட்களுக்குள் அறிவித்து, வெகுமதியும் பெறலாம். அந்த நடைமுறையை இங்கே அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

முதல் வழி, பத்து மடங்கு உருப்பெருக்கியும் நல்ல வெளிச்சமும். செலவே இல்லாத இதுதான் காலத்தைப் பற்றி அதிகம் பேசுகிறது என்பது என் கருத்து. 1948 வரை பிரித்தானிய ஆட்சியில் இருந்த ஊர் என்பதால், மோதிரத்தின் உட்புறத்தில் உலோகத்தின் தரத்தைச் சோதித்துக் குத்தப்பட்ட பிரித்தானிய முத்திரைகள் காணப்பட்டால் அதில் வியப்பில்லை. சிறுத்தைத் தலை இலண்டனையும், நங்கூரம் 1773இல் தொடங்கப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலையையும், கோட்டை எடின்பரோவையும் குறிக்கும். செஸ்டர் முத்திரை இருந்தால் அந்நகரின் சோதனைச் சாலை மூடப்பட்ட 1962க்குப் பிந்திய மோதிரமாக அது இருக்க முடியாது. 9, 12, 15 கரட் தரங்கள் 1854இல் சட்டபூர்வமாயின. 12, 15 ஆகிய இரண்டும் 1932இல் கைவிடப்பட்டு அவற்றின் இடத்தில் 14 வந்தது. எனவே ‘15’, ‘.625’ என்ற இரண்டு எண்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தாலே காலம் ஏறத்தாழ எண்பது ஆண்டு எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆண்டைக் காட்டும் எழுத்தும் தேயாமல் இருந்தால் ஒரே ஆண்டுக்கே வந்துவிடலாம். கிரீடக் குறிதான் பலரை ஏமாற்றுகிறது. பழைய வெள்ளிப் பொருளில் அது ஷெஃபீல்டு நகரின் முத்திரை. தங்கத்தில் 18, 22 என்ற எண்களோடு வரும்போது தரத்தின் அடையாளம். மறுபுறத்தில், இந்தியத் தரக்குறியான முக்கோணத்தோடு ஆறு இலக்க எண்ணெழுத்துக் குறியீடும் இருந்தால், அது 2021ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ கடைக்கு வந்த சரக்கு. தேடல் அங்கேயே முடிந்தது.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. உள்ளூர்ப் பொற்கொல்லர் செய்த பழைய மோதிரங்களில் இத்தகைய முத்திரைகள் பெரும்பாலும் இரா. கிடைத்த ஆழத்தை வைத்துக் காலத்தைக் கணிப்பதும் கடற்கரையில் பயன்படாது. கல்கிசைக் கரையில் 2020இல் கடலிலிருந்து அள்ளிக் கொட்டப்பட்ட மணலுக்கு அடுக்குகளின் வரலாறு ஏது?

அடுத்தது நீர்ச் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் இலத்திரனியல் தராசு ஒன்று போதும். மோதிரத்தை முதலில் காற்றிலும் பின்னர் நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டும் நிறுத்து, காற்றில் உள்ள எடையை, நீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அந்த அளவால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது உலோகம் நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தியானது என்பது, கிடைக்கும். 5 கிராம் மோதிரம் நீரில் 0.28 கிராம் குறைந்தால் விடை 17.9, அது 22 கரட் தங்கத்துக்கு மிக அருகிலுள்ள எண். 0.59 குறைந்தால் 8.5, பித்தளை என்று ஆசையைக் கைவிடலாம். சிக்கல் இடையில் இருக்கிறது: 9 கரட் தங்கம் ஏறத்தாழ 11, ஸ்டேர்லிங் வெள்ளி 10.4, ஈயம் 11.3 என மூன்றும் நெருங்கி நிற்பதால், தராசின் சிறு பிழைகூட உலோகத்தையே மாற்றிச் சொல்லிவிடும். கல் பதித்த மோதிரத்துக்கும் உள்ளே பொள்ளலான மோதிரத்துக்கும் இது உதவாது.

உரைகல்லுக்கும் எக்ஸ்-கதிர் இயந்திரத்துக்கும் இடையிலான போட்டியே உண்மையான போட்டி. உரைகல்லில் மோதிரத்தை உரசி, அந்தக் கோட்டின் அருகே தரம் தெரிந்த தங்கத்தையும் உரசி, அமிலம் விட்டு ஒப்பிடும்போது, பழகிய கண் தங்கத்தின் மாற்றை, அதாவது தூய்மைத் தரத்தை, வியக்கத்தக்க நெருக்கத்தில் சொல்லிவிடும். எக்ஸ்-கதிர் இயந்திரமோ சில விநாடிகளில் தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகம் ஒவ்வொன்றின் சதவீதத்தையும் கீறல் இன்றிக் காட்டுகிறது. அப்படியானால் இயந்திரமே மேல் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அது மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்தை மட்டுமே படிக்கிறது. நெடுங்காலம் மண்ணில் கிடந்த கலப்புத் தங்கத்தின் மேற்பரப்பிலிருந்து செம்பும் வெள்ளியும் கரைந்து வெளியேறுவதால், உள்ளே இருப்பதைவிட உயர்ந்த தரத்தை இயந்திரம் காட்டக்கூடும். தடித்த முலாமும் இதே வகையில் ஏமாற்றும். அழுத்தி உரசும் உரைகல் அந்தப் படலத்தைத் தாண்டிச் செல்லும். இருந்தும் முதலில் இயந்திரம், அது ஐயம் எழுப்பினால் மட்டும் உரைகல் என்பதே என் தீர்ப்பு. ஏனெனில் தவறான எண்ணை மறுபடி அளந்து திருத்தலாம், உரசித் தேய்ந்த எழுத்தை மீட்க முடியாது. முத்திரையோ செதுக்கலோ உள்ள பக்கத்தைக் கல்லில் வைக்க எவரையும் விட வேண்டாம். கல் பதித்த மோதிரமாயின் அக்கல்லைத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் காட்டுவது நல்லது.

படம் எடுத்து இணையத்தில் ஒப்பிடுவது குறித்து அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே குவிந்திருப்பவற்றில் பெரும்பகுதி ஐரோப்பிய வயல்களில் கிடைத்தவை. நம் நாட்டு வடிவங்களை அவற்றோடு பொருத்தினால் ஒவ்வொரு வளையமும் ரோமானியர் காலத்துக்குப் போய்விடும்.

எழுத்தோ சின்னமோ தலைகீழாகச் செதுக்கப்பட்ட முகப்பு இருந்தால், அது மெழுகு போன்றவற்றில் அழுத்திப் பதிக்கும் முத்திரை மோதிரமாக இருக்கக்கூடும். அப்போது மேற்சொன்ன எதையும் தொடராமல், தேய்க்காமல், புளியோ பற்பசையோ போடாமல், கொழும்பு 7இல் சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையிலுள்ள தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 1877இல் நிறுவப்பட்ட தேசிய நூதனசாலை அயலில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் கிடைத்த, முத்திரை மோதிரமொன்றின் பகுதியாகக் கருதப்படும் சிறு முத்திரை இன்றுவரை பேசப்படுவதற்கு அதன் உலோகமதிப்பு காரணமில்லை. பெருங்கற்காலப் புதைகுழியொன்றில் முறையான அகழ்வின்போது கிடைத்ததால், அது எதனோடு எந்த நிலையில் இருந்தது என்பது பதிவாகியிருப்பதே காரணம். எனவே திணைக்களத்துக்குப் போகும்போது மோதிரத்தோடு, கிடைத்த இடத்தின் படம், ஆழம், அருகே கிடந்த ஓட்டுத்துண்டு முதலியவற்றின் குறிப்பையும் கொண்டு செல்ல வேண்டும். நகைக்கடை பவுண் கணக்கில் நிறுத்து உருக்கும் மோதிரத்துக்கு இக்குறிப்புகளால் ஒரு சதமும் கூடாது. திணைக்கள அலுவலர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.