பாக்கெட்டுக்கு எந்தத் துப்பாக்கி? எல்சிபி மேக்ஸ், பாடிகார்ட் 2.0, அப்புறம் அந்தப் பழைய ஐந்து குண்டு ரிவால்வர்

டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில், இடுப்பில் ஹோல்ஸ்டரை (துப்பாக்கி உறையை)ச் செருகி அதன்மேல் டீ-ஷர்ட்டைத் தொங்கவிட்டு நாள் முழுக்க அலைந்து பார்த்தவர்களுக்கு பாக்கெட் பிஸ்டலுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்று விளக்கவே வேண்டாம். ஆசை ஆசையாகப் பெரிய துப்பாக்கி வாங்கியவர்கள் சில மாதத்தில் அதை லாக்கரில் பூட்டிவிட்டு வெறுங்கையோடு வெளியே போக ஆரம்பிக்கிறார்கள், அப்புறம் "சின்னதா ஒண்ணு இருந்தா தேவலை" என்று மறுபடி கடையில் வந்து நிற்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான். கடையில் கைக்கு அடக்கமாக, பிடிக்க நன்றாக இருப்பது பாக்கெட்டில் கனக்கிறது. பாக்கெட்டில் இருப்பதே தெரியாத ஒன்று சுட்டுப் பழகும் ரேஞ்சில் கையை உதைத்துத் தள்ளுகிறது. எடை, பிடி, டிரிகர் மூன்றிலும் இதே இழுபறிதான். அதனால் "எது பெஸ்ட்" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதில் தோற்கத் தயாராக இருக்கிறீர்கள், ரேஞ்சிலா பாக்கெட்டிலா?

ஒப்பிடுவதற்கு முன்னால் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். ஹெச்-1பி, எஃப்-1 மாதிரி குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அமெரிக்க ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் நண்பர் சொன்னார் என்று அதை நம்பி இறங்காமல் ஒரு வக்கீலைக் கேட்டுவிடுங்கள், போவது விசாவாக இருக்கலாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. லைசென்ஸ் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதி உள்ளவர்கள் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்றாகிவிட்டது. இருந்தாலும் பெர்மிட் எடுத்து வைப்பதே நல்லது, பக்கத்து மாநிலங்களுக்குக் காரில் போகும்போது கைகொடுக்கும். அதை வைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ போய் நிற்க முடியாது, அந்த மாநிலங்கள் டெக்சாஸ் பெர்மிட்டை ஏற்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் சிக் பி365-ஐப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரும். 2018-ல் வந்த அந்தத் துப்பாக்கி சந்தையையே புரட்டிப் போட்டது உண்மை. அவ்வளவு சின்ன உடம்பில் 9 மி.மீ. தோட்டா 10, குழலின் அறையில் இன்னொன்று. அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட் போட்டிக்கு வந்தது. ஆனால் பி365 காலியாகவே சுமார் 500 கிராம், தோட்டா நிரப்பினால் 600-ஐத் தாண்டும். ஜீன்ஸின் முன் பாக்கெட்டில் போட்டு உட்கார்ந்து பாருங்கள், பின்பக்க விளிம்பு தொடையைக் குத்தும். ஷார்ட்ஸில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் தொங்கும். அது பெல்ட்டில் மாட்ட வேண்டிய துப்பாக்கி, அந்த வேலையில் அதற்கு நிகர் குறைவு. பாக்கெட் என்று வந்துவிட்டால் ஆட்டத்தில் இல்லை.

மீதி இருப்பவை .380 காலிபர் (தோட்டா அளவு) குட்டி பிஸ்டல்களும், .38 ஸ்பெஷல் குட்டை ரிவால்வர்களும்.

ரூகர் எல்சிபி 2008-ல் வந்தது. அதற்கு முன்பே 2003-ல் ஃப்ளோரிடாவின் கெல்-டெக் நிறுவனம் பி-3ஏடி என்று ஒன்று கொண்டு வந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் யாரைப் பார்த்தார்கள் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரூகர் அதை வழவழப்பாக்கி, தன் பெயரைப் போட்டு விற்றது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஆரம்பத்தில் வந்த எல்சிபிகள் கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்பு உண்டு என்று அதே ஆண்டு ரூகரே திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது, எனவே பழையதை மலிவாக வாங்குபவர்கள் சீரியல் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் எல்சிபி முழுக்க முழுக்கப் பாக்கெட்டின் பக்கம் சாய்ந்த துப்பாக்கி. முக்கால் அங்குலத்தைச் சற்றே தாண்டிய தடிமன், 270 கிராம் சுமார், ஸ்லைடின் (சுடும்போது பின்னே நகரும் மேல்பகுதி) மேலே குறிபார்க்கும் சைட் என்ற பெயரில் இரண்டு சின்னப் புடைப்புகள், நீளமாக இழுத்துக்கொண்டே போகும் டிரிகர். பத்து கஜத்தில் இலக்குத் தாளில் படாமல் போகும் குண்டுகளைப் பார்த்தே பலர் அதை விற்றுவிட்டார்கள்.

2021-ல் வந்த எல்சிபி மேக்ஸ் அந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் பதில் மாதிரி. உருவம் ஏறக்குறைய பழைய அளவுதான், எடை 300 கிராம், ஆனால் மேகசினில் (தோட்டா அடைக்கும் கூட்டில்) 6-க்குப் பதில் 10 தோட்டா. முன் சைட்டில் இருட்டிலும் தெரியும் டிரிடியம் புள்ளி. டிரிகரும் பழையதைவிடக் குட்டை, நடுவில் ஒரு தகடு, விரல் அதை அழுத்தினால்தான் டிரிகர் பின்னால் போகும். பாக்கெட் ஹோல்ஸ்டரோடு போட்டால் வெளியிலிருந்து பார்க்கப் பர்ஸ் மாதிரிதான் தெரியும். குறை என்ன? ஒன்று, உதை. 300 கிராம் துப்பாக்கிக்கு .380 ஒன்றும் மென்மையான தோட்டா இல்லை, இரண்டு பெட்டி தோட்டா சுட்டால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவந்துவிடும். இன்னொன்று, ஸ்லைடில் பிடித்து இழுக்க இடமே கம்மி. கையில் மூட்டுவலி இருப்பவர்களைக் கடையிலேயே இழுத்துப் பார்க்கச் சொல்வேன்.

ஸ்மித் அண்ட் வெஸன் பாடிகார்ட் கதை வேறு. 2010-ல் வந்த பழைய பாடிகார்ட் 380-ன் டிரிகரை இழுப்பதற்குள் விடிந்துவிடும். அதையே 2024 ஜூலையில் அடியோடு மாற்றி 2.0 என்று கொண்டு வந்தார்கள். உள்ளே சுத்தியல் போய் ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை நேராகக் குத்தும் ஊசி) வந்தது, டிரிகர் தட்டையானது, 10 தோட்டா மேகசினோடு 12 தோட்டாவின் நீள மேகசினும் உண்டு, எடை 280 கிராமுக்கும் கீழே. எல்சிபி மேக்ஸைவிடச் சற்று நீளம், எடை துளி கம்மி. இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டால் வித்தியாசம் முதல் மேகசினிலேயே தெரிகிறது: பாடிகார்ட் கையில் உட்கார்கிறது, ஸ்லைடு சுலபமாக வருகிறது, டிரிகர் கொஞ்சம் போனதுமே கிளிக் என்று சுட்டுவிடுகிறது, ஏழு கஜத்தில் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. இந்த அளவில் இப்படி ஒரு டிரிகரா என்று ரேஞ்சில் எல்லாரும் மயங்கிவிடுகிறார்கள்.

நான் தயங்குவது அதே இடத்தில்தான். ரேஞ்சில் சுகமான டிரிகர், பாக்கெட்டில் தொடையை ஒட்டிக் கிடக்கப் போகிற டிரிகரும்கூட. பழைய எல்சிபியிலும் பழைய பாடிகார்டிலும் எல்லாரும் திட்டிய அந்த நீண்ட, கனத்த இழுவைக்கு ஒரு காரணம் இருந்தது. துணி சிக்கினாலும், உறையில் செருகும்போது விரல் தவறுதலாக உள்ளே இருந்தாலும், உங்களுக்கு உறைக்க ஒரு கணம் கிடைக்கும். லேசான டிரிகரில் அந்தக் கணம் சுருங்கிவிடுகிறது. பாடிகார்ட் 2.0 கட்டைவிரலால் தட்டும் சேஃப்டியோடும் வருகிறது, இல்லாமலும் வருகிறது. பாக்கெட்டுக்கு என்றால் சேஃப்டி உள்ளதைத்தான் வாங்கச் சொல்வேன். "அவசரத்தில் அதைத் தட்ட மறந்துவிடுவோமே" என்பார்கள். மறக்காமல் இருக்கத்தான் பயிற்சி, அதற்கும் நேரம் இல்லை என்பவர் இந்தத் துப்பாக்கியை வாங்காமல் இருப்பதே மேல்.

இப்போது ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸன் 642, அதையே கறுப்பில் பார்த்தால் 442. ஐந்து குண்டு, இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல், 410 கிராம் சுமார். ரூகர் எல்சிஆர் 2009-ல் வந்தது, 380 கிராம் சுமார், பிளாஸ்டிக் உடம்பு, டிரிகர் 642-ஐவிட வழவழப்பு. காகிதத்தில் பார்த்தால் இவை தோற்ற கட்சி. ஐந்து குண்டுதான், சிலிண்டர் 1.3 அங்குல தடிமன், மறுபடி நிரப்ப நேரம் ஆகும். ஆனால் எடைக் கணக்கை நிரப்பிய நிலையில் போடுங்கள்: 10+1 தோட்டா போட்ட எல்சிபி மேக்ஸ் 400 கிராமைத் தொடும், ஐந்து குண்டு போட்ட 642 கிட்டத்தட்ட 480. கடைச் சீட்டில் தெரியும் இடைவெளி பாக்கெட்டில் அவ்வளவு இல்லை.

ரிவால்வர் ஜெயிக்கும் இடங்கள் சில உண்டு, அவை எந்தச் சீட்டிலும் இருக்காது. 642-ல் சுத்தியல் உடம்புக்குள்ளேயே மறைந்திருக்கிறது, எடுக்கும்போது துணியில் மாட்ட ஒன்றுமில்லை. குளிர்காலக் கோட்டின் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, பிடியைப் பிடித்தபடியே, யாருக்கும் தெரியாமல் பார்க்கிங்கில் நடக்கலாம். கடைசி நிலையில் கோட்டுக்குள்ளிருந்தே சுடவும் முடியும், செமி-ஆட்டோவில் (மேலே சொன்ன பிஸ்டல்களில்) அதையே செய்தால் முதல் குண்டுக்குப் பிறகு ஸ்லைடு துணியில் சிக்க நல்ல வாய்ப்பு. கட்டிப் புரளும் நெருக்கத்தில் பிஸ்டலின் முகப்பு எதிராளியின் உடம்பில் அழுந்தினால் ஸ்லைடு பின்னே நகர்ந்து சுடாமல் போகலாம், ரிவால்வருக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்தது வரும். ஐந்து கிலோவை ஒட்டிய அந்த இழுவை பாக்கெட்டில் தனி சேஃப்டி இல்லாத குறையே தெரியாமல் செய்துவிடுகிறது. விலை? அதைச் சரியாகச் சுடக் கற்க மற்ற இரண்டுக்கும் ஆவதைப்போலப் பல மடங்கு பயிற்சி வேண்டும். லேசான ரிவால்வரில் அழுத்தம் கூடிய +பி தோட்டா சுடுவது உள்ளங்கையில் பிரம்படி வாங்குவது மாதிரி, யாரும் விரும்பி இரண்டாவது பெட்டியைத் திறப்பதில்லை.

தோட்டா விஷயத்தில் .380-க்கு ஒரு பழைய தலைவலி இருக்கிறது. பிரவுனிங் வடிவமைத்த இந்தத் தோட்டா 1908-லிருந்தே புழக்கத்தில் உள்ளது. எஃப்.பி.ஐ. சோதனையில் உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினுக்குள் 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும் என்பது அளவுகோல். இத்தனை குட்டைக் குழலில் ஹாலோ பாயின்ட் (தலையில் குழி வைத்த) .380 சுட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது: தலை விரிந்து 12-க்கு முன்பே நின்றுவிடும், இல்லையேல் விரியாமலே ஆழமாகப் போய்விடும். விரியவும் விரிந்து ஆழமும் போகும் தோட்டாக்கள் சொற்பம், வாங்குபவர் தன் துப்பாக்கியில் அது சிக்காமல் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். குட்டை ரிவால்வர்க்காரர்கள் இதற்கு ஒரு சுலப வழி வைத்திருக்கிறார்கள்: 148 கிரெயின் எடையுள்ள வாட்கட்டர், தட்டைத் தலை ஈயக் குண்டு, உதை மிதம், ஆழமும் போகும். தட்டைத் தலை சிலிண்டர் ஓட்டைக்குள் அவசரத்தில் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அதனால் மாற்றுத் தோட்டாவாக வேறு ரகம் வைத்துக்கொள்வார்கள். செலவும் சொல்லிவிடுகிறேன்: .380, .38 ஸ்பெஷல் இரண்டுமே சாதாரண 9 மி.மீ. தோட்டாவைவிட விலை அதிகம், பயிற்சிக்குச் சுடச் சுடப் பர்ஸ் இளைக்கும்.

எதை வாங்கினாலும் டிரிகரை முழுசாக மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர் கட்டாயம், அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவுமே கூடாது, சாவி, சில்லறை, பபிள்கம் எதுவும். எடுக்கும்போது முழுப் பிடியாகப் பிடித்தால் முஷ்டி பெரிதாகி ஜீன்ஸ் பாக்கெட் வாயில் மாட்டிக்கொள்ளும். கட்டைவிரலைத் துப்பாக்கியின் பின்புறத்தில் வைத்தபடி கையை ஒடுக்கமாக வெளியே இழுத்து, வந்த பிறகு பிடியை முழுசாக்க வேண்டும். காலித் துப்பாக்கியில் வீட்டில் பழகுங்கள், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு. காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் முன் பாக்கெட்டிலிருந்து எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம், தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள், குழலின் வாயிலும் டிரிகரைச் சுற்றியும் பஞ்சு மாதிரி துணித்தூசி அடைந்திருக்கும்.

சின்னத் துப்பாக்கி மறந்துபோகும் என்பது இன்னொரு ஆபத்து. 2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் கைப்பைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737, அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா போட்டவை. எல்லாரும் கடத்தல்காரர்கள் இல்லை, பையில் இருந்ததே ஞாபகம் இல்லை என்பதுதான் பலரின் பதில். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பேண்டைக் கழற்றி நாற்காலியில் போடும் பழக்கத்தோடு பாக்கெட் பிஸ்டல் ஒத்தே வராது. கழற்றியதும் நேராகப் பூட்டுப் பெட்டிக்குள். நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் விசேஷ நாளில் வேட்டிக்கு மாறிவிடுவோம், அன்றைக்கும் பெட்டிதான் இடம்.

என் காசு என்றால்? ஷார்ட்ஸும் டீ-ஷர்ட்டுமாக எட்டு மாதம் ஓடும் ஊரில் எல்சிபி மேக்ஸ், ஏனென்றால் ரேஞ்சில் சற்றே தோற்று பாக்கெட்டில் ஜெயிக்கிறது. சிகாகோ, நியூ ஜெர்சி மாதிரி கோட் போடும் ஊர்க்காரர், அதுவும் மாதம் ஒருமுறையாவது சுடப் போகிறவர் என்றால், எல்சிஆர். அந்த டிரிகர் 642-ஐவிட மன்னிக்கும் குணம் உள்ளது. ஸ்லைடு இழுக்கக் கஷ்டப்படுபவர்களுக்கும், முதல் துப்பாக்கியே இதுதான் என்பவர்களுக்கும் சேஃப்டி வைத்த பாடிகார்ட் 2.0. எதுவானாலும் பாக்கெட்டில் போடத் தொடங்கும் முன் எடுத்துச் செல்லப்போகிற அதே தோட்டாவில் இரண்டு மூன்று பெட்டியாவது சிக்காமல் சுட்டுப் பாருங்கள், மேகசின் கூடுதலாக ஒன்று வாங்கிவிடுங்கள், குட்டி பிஸ்டல்களில் தகராறு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மேகசினைத்தான்.