சேலத்தில் நரம்பு ஜீன் டெஸ்ட்: பேனலுக்குப் பணம் கட்டும் முன்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கலெக்‌ஷன் சென்டரில் 'பரம்பரை நரம்பு பேனல்', அதாவது பரம்பரை நரம்பு நோய்க்கான பல ஜீன்களை ஒரே தடவையில் பார்க்கும் டெஸ்ட், எடுக்கலாம். ரத்தம் இங்கே, சோதனை வெளியூர் லேபில். வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடி ஈடிடிஏ ட்யூபில் 3 முதல் 5 மில்லி எடுத்து, உறையாமலிருக்க மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குகிறார்கள், குலுக்குவதில்லை. ஏற்காட்டிலிருந்து யாராவது ட்யூபை எடுத்து வருவதானால் ஃப்ரீசரில் மட்டும் வைக்கக் கூடாது. இதிலெல்லாம் குறையே இல்லை.

குறை பேனலில்தான். கை கால் நரம்புகளை மெல்ல மெல்லப் பாதிக்கும் பரம்பரை நோயான சார்கோ-மேரி-டூத் நோயில் அதிகம் காணப்படுவது 1ஏ வகை. 17ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 ஜீன் உள்ள, சுமார் 15 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு இரட்டிப்பாவதால் வருவது இது. 1991லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பேனலில் செய்வது சீக்வென்சிங், அதாவது ஜீனின் எழுத்துகளை வாசிப்பது. அது எழுத்துப் பிழையைத்தான் தேடும். இங்கே பிழையே இல்லை, கூடுதல் பிரதிதான் இருக்கிறது. பிரதி எண்ணிக்கையைத் தனியாகக் கணக்கிடாவிட்டால் ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்றே வரும். அதைப் பிடிக்க எம்எல்பிஏ என்ற தனி டெஸ்ட் இருக்கிறது. கவுண்டரில் நாம் கேட்டால்தான் சொல்கிறார்கள். இது சரியில்லை.

அதனால் முதலில் நரம்பு வேக டெஸ்ட். கையின் மீடியன் நரம்பில் மோட்டார் வேகம் விநாடிக்கு 38 மீட்டருக்குக் கீழே இருந்தால் எம்எல்பிஏ. அதற்கு மேல் இருந்தால் பேனல். அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த நோய் என்றால் இந்த நோயைத் தரும் இன்னொரு ஜீனான ஜிஜேபி1 காரணமில்லை, அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அப்பாவின் எக்ஸ் மகனுக்கு வராது. பரம்பரை நரம்பு நோய்க்குக் காரணம் என்று 2020இல் தெரியவந்த எஸ்ஓஆர்டி ஜீனையும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். அதற்கு ஏறக்குறைய அதே மாதிரி ஒரு செயலற்ற நகல் உண்டு, சாதாரண பேனல் இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

படிவத்தில் குடும்ப விவரத்துக்கு ஒரே வரிதான். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் தனித்தாளில் எழுதி இணையுங்கள். அப்பா, அம்மா இருபக்கமிருந்தும் ஒரே ஜீன் மாற்றம் வந்து சேரும் வகைகளை அப்போதுதான் கவனித்துப் பார்ப்பார்கள். 'அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்' என்று வந்தால் அது நோய் உறுதியானது ஆகாது. பெற்றோர் ரத்தத்தையும் பார்த்தால் ஓரளவு தெளியும்.

போனில் கிடைக்கும் மரபணு ஆலோசனை அருமை. தமிழிலேயே பொறுமையாக விளக்குகிறார்கள். 1ஏ உறுதியானால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்து எல்லா டாக்டரிடமும் காட்டுங்கள். புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் மருந்து 1ஏ உள்ளவர்களின் நரம்புகளைக் கடுமையாகக் கெடுத்துவிடும்.